இரண்டு மெய், ஞாயிறு வரை

பாஸ்போர்ட்டை அடகு வைத்து
இரண்டு காமிரா உடல், இரண்டு லென்ஸ்
வாங்கிவந்தாள் மக்வாலா.
ஞாயிறு மாலை ஆறுக்குள் திருப்பித் தரணும்,
அதற்குள் எது என்று சொல்லணும் என்றான்
கடைக்கார ரேவாஸ்.
ஒன்றுக்குத்தான் வழி.
மருந்துக்கடைச் சம்பளத்தில் அதற்கே
பதினோரு மாதத் தவணை.

ஒன்று கனத்த உடல். கழுத்தில் மாட்டினால்
தலை தானாகக் குனியும்.
முழு ஃபிரேம் சென்சார்,
விளக்கு அணைந்த சந்திலும் பூனையின் மீசையை எண்ணும்.
அதற்கு எண்பத்தைந்து எம்எம், எஃப் ஒன்று புள்ளி எட்டு:
தூரத்தில் இருப்பவரைத் தொடாமல் தொடும் கண்ணாடி.

மற்றது கோட்டுப் பையில் போய்விடும்.
சென்சார் சின்னது, இருட்டினால் படமெங்கும்
ரவை தூவியதுபோல் புள்ளி.
அதற்கு இருபத்தெட்டு, பிஸ்கட் கனத்தில்.
யாரையாவது எடுக்க வேண்டுமென்றால்
அவர் சாப்பிட்டதில் பூண்டு உண்டா என்று தெரியுமளவு
கிட்டே போகணும்.

லென்ஸ் கழற்றிய உடல்
தலையில் புள்ளி வைத்த மெய்யெழுத்து.
உயிர் ஏறினால்தான்
ஊரின் பெயரையாவது சொல்லும்.

சனிக்கிழமை. டிபிலிசியில் மே மாத மழை
பெய்தது, யோசித்தது, மறுபடி பெய்தது.
மரப் பால்கனிகளில் துணியை எடுத்தார்கள், போட்டார்கள்.
காலை முழுக்க எண்பத்தைந்து:
கந்தகக் குளியல் கூடத்தின் செங்கல் குமிழ்,
கேபிள் காரில் கொட்டாவி விடும் சிறுமி,
காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய்.
எல்லாம் பின்னணி கரைந்து, அழகாக,
யாருக்கும் யாருமில்லாமல்.

மெத்தேகி பாலத்தில் அந்த ஆள்.
வெறுந்தலை. மூடிய குடை.
கீழே மண் நிறத்தில் ம்த்க்வாரி.
அவருக்குப் பின்னால் நகரம் மொத்தமும்
தண்ணீர் பட்ட சாயம்.
"பாவம், தனிமை" என்று மனசுக்குள் தலைப்பு வைத்து
மூன்று முறை அழுத்தினாள்.

ஒப்பிட வேண்டுமே; சின்னதை எடுத்தாள்.
இருபத்தெட்டுக்கு அவர் எறும்பு.
நடந்தாள். இன்னும் நடந்தாள்.
பத்தடியில் ஃபிரேமுக்குள் ஒரு பெண் வந்தாள்,
ஒரு கையில் பச்சைப் பிளம்ஸ் பை,
மறு கையில் அவர் சட்டைக்கை.
ஆறடியில் ஒரு மகன், சிரித்துச் சிரித்துக்
கைப்பிடிச் சுவரில் சரிந்தவன்.
நான்கடியில் பேச்சு கேட்டது:
"போகட்டும் விடு. அந்தத் தொப்பியில் நீ
தபால்பெட்டிபோல் இருந்தாய்."

தொப்பி!
ஆற்றில் எங்கோ போய்க்கொண்டிருந்தது.
இருபத்தெட்டில் குடும்பம் இருந்தது, தொப்பி இல்லை.
எண்பத்தைந்தில் இருந்த துக்கம்
அவள் கொண்டுவந்தது.

அவள் கழுத்தில் தொங்கியதை அவர் பார்த்தார்.
"மகளே, அந்தப் பெரியதில் தெரியுமா?"
கழற்றிக் கொடுத்தாள். இரு கையாலும் பிடித்து
நீரெல்லாம் துழாவினார்.
"இதோ... இதோ... வளைவு தாண்டுது..."
விரல் எங்கோ பட்டு ஷட்டர் விழுந்தது.

ஞாயிறு, ஐந்தே முக்கால்.
ரேவாஸ் மூலைகளின் கூர்மை பற்றி,
பாட்டரி ஆயுள் பற்றிச் சொல்லிக்கொண்டே போனான்.
மக்வாலா கேட்டது ஒன்றுதான்:
சின்ன உடலில் எண்பத்தைந்தை மாட்டலாமா?
"மவுண்ட் வேறு. ஏறாது.
அடாப்டர் வந்தால் சொல்கிறேன், ஆட்டோஃபோகஸ் போய்விடும்."
அந்த மெய்யில் அந்த உயிர் ஏறாத மொழி
அவனுடையது.

மெமரி கார்டை உருவிக்கொண்டாள். கடைசிப் படம்:
கோணிய அடிவானம், பழுப்புத் தண்ணீர்,
நடுவில் இல்லை, ஓரத்தில்
ஒரு கறுப்புத் துளி.
எடுத்தவர் பெயரைக் கேட்க மறந்திருந்தாள்.

"அப்போ எது?"
"அடுத்த ஞாயிறு" என்றாள்.
பாஸ்போர்ட்டை வாங்கித் திறந்து பார்த்தாள்.
மூக்கு பெரிது. காதுகள் பின்வாங்கியிருந்தன.
எடுத்தவன் கிட்டே நின்றிருக்கிறான்.